வெளிறிய நாய்க்கு மாத்திரையா மருந்து?



பள்ளியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று நாயைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், கைவைத்தியம் என்னும் பெயரால் வாயில்லா உயிர்களுக்கு நாம் இழைக்கும் தீங்கைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது.

நாய் சோர்ந்து படுத்து, அதன் ஈறு வெளிறியிருந்தால் நம்மவர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்: “இரத்தம் இல்லை, இரும்புச்சத்து கொடு.” பின்னர் புலனக் குழுவில் மருந்துப் பட்டியல் வருகிறது. பீட்ரூட் சாறு, முருங்கைக்கீரை, கறுப்புத் திராட்சை ஊறவைத்த நீர், கருவுற்ற தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை! இப்பட்டியலில் பயனற்றவையும் உண்டு. உயிரைப் பறிப்பவையும் உண்டு.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதனால் இரத்தம் ஊறும் என்பது வெறும் நிறப் பொருத்தம். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கீரையில் இரும்பு உண்டு. எனினும் நாயின் குடல் இறைச்சியின் இரும்பை ஏற்கும் அளவிற்குக் கீரையின் இரும்பை ஏற்பதில்லை. திராட்சையோ, உலர்ந்ததாயினும் பச்சையாயினும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. அதை மருந்தென்று கொடுப்பது கொடுமை.

மாத்திரைக்கு வருவோம். 200 மில்லிகிராம் பெர்ரஸ் பியூமரேட் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு உள்ளது. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே வயிறும் குடலும் புண்படத் தொடங்கும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 3 கிலோ எடையுள்ள சிறு நாய்க்கு ஒரே மாத்திரை முதல் எல்லையைக் கடந்துவிடுகிறது. மூன்று மாத்திரை இரண்டாம் எல்லையையும் கடக்கிறது. மிகுதியாகச் சேர்ந்த இரும்பை வெளியேற்ற நாயின் உடலில் தனி வழி இல்லை. முதலில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரும். பிறகு சில மணி நேரம் தேறியதுபோல் தோன்றும். வீட்டார் நிம்மதி அடைவர். அதன் பின்னரே கல்லீரல் பழுதாகி, நாய் வீழ்ந்துவிடும். குழந்தைகளுக்கான சத்து மருந்தையும் கொடுக்கலாகாது. சிலவற்றில் சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

இவற்றிற்கெல்லாம் மேலாக நாம் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுண்டு. இரத்தம் எங்கே போயிற்று?

நம் நாட்டின் ஈர மண்ணில் கொக்கிப்புழு செழித்து வளர்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.1 மில்லிலிட்டர் வரை இரத்தத்தைப் போக்கவல்லது. 1 கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் இருப்பதோ 80 முதல் 90 மில்லிலிட்டர் இரத்தம்தான். நூறு புழுக்கள் குடலில் ஒட்டியிருந்தால் நாளுக்கு 10 மில்லிலிட்டர் போகும். அதனுடன் 5 மில்லிகிராம் அளவு இரும்பும் போகும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றி என்ன பயன்?

உண்ணியின் கதை வேறு. பழுப்பு நிற நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்களாலும் நாய் வெளிறும். பபீசியா கிருமி சிவப்பணுக்களை உடலுக்குள்ளேயே உடைக்கிறது. உடைந்த அணுவின் இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்குவதால் அங்கு இரும்புக்குப் பஞ்சமில்லை. அந்நிலையில் மேலும் இரும்பைத் திணிப்பது நோயைத் தீர்க்காது. பொன்னான நாள்களை வீணாக்கும். இவற்றைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

கடந்த ஆண்டு என் மாணவி ஒருத்தியின் நாய்க்குட்டி இவ்வாறே மாண்டது. வயிறு உப்பி, மலம் தார்போல் கறுத்திருந்ததாம். “சத்து மாத்திரை கொடுத்தால் அப்படித்தான் இருக்கும்” என்று யாரோ தேற்றியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குவது உண்மையே. குடலில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும் என்பதும் உண்மை. மாத்திரை அந்த எச்சரிக்கையை மறைத்துவிட்டது.

அப்படியானால் உணவில் இரும்பு வேண்டாமா? வேண்டும், அளவோடு வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் வரையறைப்படி, ஈரம் நீக்கிய உணவு ஒரு கிலோவில் வளர்ந்த நாய்க்கு 40 மில்லிகிராமும், குட்டிக்கு 88 மில்லிகிராமும் இரும்பு இருத்தல் வேண்டும். முழு உணவு என்று குறிப்பிட்டு விற்கப்படும் நாயுணவு இத்தகைய அளவுக்கேற்பவே ஆக்கப்படுகிறது. அதை உண்ணும் நாய்க்கு மேலும் இரும்பு சேர்க்கத் தேவையில்லை.

தயிர்ச்சோற்றை மட்டும் போட்டு வளர்ப்போர் கணக்குப் பார்க்கட்டும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் இரும்பு தேவை. அரைக் கிலோ வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் கிடைக்கும். தயிரில் இல்லையென்றே சொல்லலாம். நம் சைவம் நம்மோடு இருக்கட்டும். நாயின் தட்டில் இறைச்சியும் முட்டையும் இடம்பெறட்டும். கோழி ஈரல் 100 கிராமில் ஏறத்தாழ 9 மில்லிகிராமும், கோழியின் இதயத்தில் ஏறத்தாழ 6 மில்லிகிராமும் இரும்பு உண்டு. ஈரல் நல்லதென்று தினமும் தட்டு நிறையப் போடவும் கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் எலும்பும் மூட்டும் கெடும். மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கு போதும். உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்துக் கொடுக்க வேண்டும்.

நமக்குச் சமைத்த ஈரல் பிரட்டலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் அத்தன்மை மாறாது. இரத்தம் ஊறக் கொடுத்த உணவே இரத்தத்தை அழித்துவிடும்.

“கால்நடை மருத்துவரிடம் போனால் செலவு” என்பார்கள். புழு மருந்தின் விலையையும் இரத்தம் ஏற்றும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குட்டிக்கு இரண்டாம் வாரம் முதல் மருத்துவர் சொல்லும் கால அளவில் புழு மருந்து கொடுங்கள், உண்ணியைத் தடுங்கள், ஈறு வெளிறினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். இது நாயின் நலம் மட்டுமன்று. நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும் கொக்கிப்புழு இனம் மலேசியக் கிராமப்புறங்களில் இருப்பதை 2012-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நாய் கழித்த மண்ணில் வெறுங்காலுடன் ஓடுபவர்கள் நம் பிள்ளைகள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். “இரும்புச்சத்து எதில் உள்ளது?” என்று கேட்டு, “கீரை” என்ற விடைக்கு மதிப்பெண் கொடுத்து நகர்கிறோம். எவ்வளவு உள்ளது, யாருக்கு உதவும், எப்போது நஞ்சாகும் என்று கேட்பதில்லை. அந்தப் பாதி விடையே வளர்ந்து வீட்டு வைத்தியமாகிறது. நலக்கல்விப் பாடத்தில் அடுத்த முறை அந்த மீதிக் கேள்விகளையும் கேட்போம்.

மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். பரிசோதிக்காமல் எந்த உயிருக்கும் மருந்து கொடுக்காதீர்கள்.