பாக்தாத், ஏற்காடு ரோடு, சேலம்

ஆபீஸ் கேன்டீனில் நண்பர் செல்போனில் பெல்லி டான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பட்டென்று மறைத்து, ''கலை ஆர்வம் சார்! இதையெல்லாம் நேரில் பார்க்க துபாய்தான் போகணும்'' என்றார்.

''எதுக்குய்யா துபாய்? ஒரு காலத்தில் பாக்தாத்தே நம்ம சேலம் ஏற்காடு ரோட்டில்தான் இருந்தது!''

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1956-ல் கொடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள கலர் படம். அதில் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போன பெண் யார் தெரியுமோ? செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான்! அரபுக் கதையில் ஆடினாலும், பரதம் படித்த கால்.

அந்தப் படிப்பு லேசில் கிடைக்கவில்லை. சென்னையில் திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, முஸ்லிம் பெண் என்று முதலில் மறுத்துவிட்டார். பெண் விடுவதாயில்லை. சரி, ஜாதகம் எங்கே என்றாராம். அந்த வீட்டில் ஏது ஜாதகம்? பிறந்த தேதியைக் கேட்டு அவரே கணித்தார். பார்த்தால், இவள்தான் தன் கடைசி சிஷ்யை, சிறந்த சிஷ்யை என்று வந்ததாம்! வஹீதாவே சொன்ன கதை.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால், 'முடியாது' என்று சொல்லிவிட்டு, அதை மாற்றிக்கொள்ள ஒரு காரணத்தைத் தானே உட்கார்ந்து எழுதினாரே, அந்த வாத்தியார் மேல் நம்பிக்கை உண்டு. 2023-ல் அந்த சிஷ்யைக்கு பால்கே விருது அறிவித்தார்கள்.

நண்பர் டீயை ஆறவிட்டு யோசித்தார். ''நம்ம செக்‌ஷனுக்கு வந்த புதுப் பையனை, உனக்கெல்லாம் வேலை வராதுன்னு விரட்டிட்டேன் சார்...''

''போய், டேட் ஆஃப் பர்த் கேளுய்யா!''