மூன்று மாதப் பயிற்சி யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு டைப் அடிக்க நேரமாகிறது. பிழை இருந்தால் திருத்துங்கள், இப்போது சிவப்பு மை உங்கள் கையில்.

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் ஒரு பழைய செய்தியைப் போட்டு, "பெரியவர் சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்று எழுதியிருந்தார். அங்கே வாயைத் திறந்தால் தீபாவளிக்கு யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

செய்தி இதுதான். கேரள அரசு தன் திரைப்பட வளர்ச்சிக் கழகம் வழியாகப் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் எடுக்க 1.5 கோடி ரூபாய் வரை கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டின் நிறைவு விழாவில் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசினார். இவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி தர வேண்டும், 1.5 கோடி அதிகம், அதை 50 லட்சமாகப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கலாம் என்றார். பாடகி புஷ்பவதி அந்த அரங்கிலேயே எழுந்து எதிர்ப்புச் சொன்னார்.

பணத்தைப் பிரிப்பது பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஒருவருக்குப் பதில் மூன்று பேர் படம் எடுத்தால் நல்லதுதான். அது கணக்கு, உட்கார்ந்து பேசலாம். என்னை உறுத்துவது பயிற்சி. முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியவள் நான், பயிற்சியை வேண்டாம் என்பேனா? ஆனால் தயாரிப்பாளர் மகன் முதல் படம் எடுக்கும்போது யாராவது சான்றிதழ் கேட்டதுண்டா? அவன் படம் படுத்தால் "பாவம், கதை சரியில்லை" என்கிறோம். இவர்கள் படம் படுத்தால் மட்டும் இவர்களுக்கே படம் எடுக்க வராது என்கிறோம்.

அடூர் பெரிய கலைஞர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, 'எலிப்பத்தாய'த்தை மறக்க முடியுமா? ஆனால் அவர் வந்த வழியைப் பாருங்கள். 1962இல் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். மத்திய அரசின் உதவித்தொகையில் படித்தார். 1972இல் வந்த முதல் படம் 'சுயம்வர'த்துக்கு அரசின் திரைப்பட நிதிக் கழகம் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் கொடுத்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் கொடுக்காத நம்பிக்கையை ஒரு புது ஆளுக்கு மக்கள் பணம் கொடுத்தது. மக்கள் பணத்தால் விளைந்த மரம், பக்கத்துக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஏன் அளவு பார்க்கிறது?

"அவர் படித்துவிட்டுத்தானே எடுத்தார்" என்று மைத்துனர் கேட்பார். சரி. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜைச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, சின்ன வயதிலேயே கூலி வேலைக்குப் போனவர், திருப்பூரில் வேலை பார்த்தவர். அந்தப் படம் 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அவர் எந்த வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்தார்?

இனி நம் ஊருக்கு வருகிறேன். காசிமேட்டுக்கு கேமரா வந்தால் கூடவே அரிவாளும் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் மற்றவர்களுக்கு லொக்கேஷன். நாம் கூட்டத்தில் நிற்கும் ஆட்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம், எண்ணூர் மீனவக் குடும்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்துக்குள் வந்தபோது, நம் ஆட்கள் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளியதை டிவியில் பார்த்தீர்கள். அவள் டிவியில் பார்க்கவில்லை. அப்பா படகில் உட்கார்ந்து போனில் எடுத்தாள். அதை வைத்து இருபது நிமிடக் குறும்படம் எழுதினாள். வலையில் ஒட்டிய எண்ணெயைப் பாட்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான் கதை. படித்துவிட்டு நான் ராத்திரி தூங்கவில்லை.

செலவு 85,000 ரூபாய். கேமரா வாடகை, ஒலிப்பதிவு, எட்டுப் பேருக்கு நான்கு நாள் சாப்பாடு. ஒரு நிதி அமைப்புக்கு விண்ணப்பித்தாள். பத்துப் பக்கம், எல்லாம் ஆங்கிலம். முன்பு எடுத்த படங்களின் லிங்க், திரைத்துறையில் இருவரிடம் சிபாரிசுக் கடிதம். "டீச்சர், எனக்குத் தெரிஞ்ச பெரிய ஆள் நீங்கதான்" என்று என்னிடம் வந்து நின்றாள். தமிழாசிரியை கடிதம் எடுபடவில்லை. கடைசியில் கம்மலை அடகு வைத்துப் பாதி எடுத்திருக்கிறாள், மீதி நிற்கிறது. இவளுக்குக் குறைவது பயிற்சியா, பணமா?

தமிழ்நாட்டில் சிறுமுதலீட்டுப் படங்களுக்கு அரசு மானியம் இருக்கிறது. ஆனால் அது எடுத்து முடித்த முழுநீளப் படத்துக்கு. முதலில் கையில் காசு இருப்பவனுக்குத்தான் அது உதவும். கம்மல் அடகில் இருப்பவளுக்கு உதவாது. குறும்படத்துக்கு, எடுக்கும் முன்பே, ஒரு லட்சம் ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுக்கட்டும். முதல் தவணைக்கு ரசீது காட்டினால் இரண்டாவது. விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். பயிற்சி வேண்டும் என்றால் தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் சனி, ஞாயிறு கொடுக்கட்டும், கேட்பவர்களுக்கு. பணத்துக்கு நிபந்தனையாக வேண்டாம். கேரளத்தின் 1.5 கோடியில் இப்படி நூற்றைம்பது படம் எடுக்கலாம். அதில் நூறு சுமாராக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. வகுப்பில் நாற்பது பேர் கட்டுரை எழுதினால் முப்பது சுமார்தான், அதற்காக நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டேனா?

மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். செய்தித் துறையிலும் தலைமைச் செயலகத்திலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் இதை யார் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் படம் நிற்பதற்கு இன்னும் 38,000 வேண்டும், அதற்கும் அங்கேயே வாருங்கள். மைத்துனரே, நீங்கள் முதலில்.