முதல் முயற்சிக்கு எத்தனை கிரேஸ் மார்க்?

2021 ஆகஸ்ட் 6. கொரோனா இரண்டாம் அலை அடங்கி, கல்லூரிகள் இன்னும் திறக்காத நேரம். அன்றைக்குத்தான் நெட்ஃப்ளிக்ஸில் 'நவரசா' வந்தது. மணிரத்னமும் ஜெயேந்திராவும் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பு. ஒன்பது ரசம், ஒன்பது இயக்குநர், ஒன்பது குட்டிப் படம். ஒன்றின் கதைக்கும் இன்னொன்றின் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. எதை வேண்டுமானாலும் தனியாகப் பார்க்கலாம்.

'அற்புதம்' என்ற ரசம் கார்த்திக் நரேன் பங்குக்கு வந்தது. 2016ல் 'துருவங்கள் பதினாறு' எடுத்தபோது அவருக்கு இருபது வயது தாண்டிக் கொஞ்ச நாள்தான். அப்படிப்பட்டவர் அரவிந்த்சாமியையும் பிரசன்னாவையும் வைத்து ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எடுத்திருக்கிறார் என்றதும் எதிர்பார்ப்பு எகிறியது. படத்தின் பெயர் 'ப்ராஜெக்ட் அக்னி'.

படம் வந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை ஒட்டவில்லை. பெருங்களத்தூர் ஸ்டேஷனில் பீச் வண்டிக்கு நிற்கும் கும்பலில் இரண்டு சினிமா பைத்தியங்கள் இருந்தால் போதும், பேச்சு இப்படித்தான் போகும்:

"மச்சான், நோலன் படத்தை எல்லாம் மிக்சியில போட்டு அரைச்சு வெச்சிருக்கான்டா."

"டேய், தமிழ்ல இப்படி யோசிக்கவே ஆள் இல்ல. மொதல்ல அதுக்குக் கைதட்டுடா. அப்புறம் குறை சொல்லு."

இரண்டு பேரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஒருவர் நோலனைப் பற்றிப் பேசுகிறார். இன்னொருவர் தமிழ் சினிமாவின் ஏழ்மையைப் பற்றிப் பேசுகிறார். நடுவில் படம் அனாதையாக நிற்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக... விஷ்ணு என்ற விஞ்ஞானி தன் நண்பன் கிருஷ்ணாவை அழைத்து, தான் கண்டுபிடித்ததைச் சொல்கிறார். ஆழ்மனதுக்குள் நுழைவது, சுமேரியர்கள், நாம் வாழும் இந்த உலகமே ஒரு சிமுலேஷனாக இருக்கலாம் என்பது என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. அந்த ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த விலையும் சொல்லப்படுகிறது. கடைசியில் ஒரு திருப்பம். அது இங்கே வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு இல்லை, ஃபைட் இல்லை. பெரும்பகுதி இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுதான். அந்தப் பேச்சில் கணிசமான பகுதி ஆங்கிலம்.

சரி, முதலில் 'நோலன் காப்பி' கட்சி. மனதுக்குள் நுழைகிற கதை என்றாலே 2010ல் வந்த 'இன்செப்ஷன்' ஞாபகம் வருவது இயற்கைதான். ஆனால் யோசனைக்கு யாரும் பட்டா வாங்கி வைக்கவில்லை. உலகமே சிமுலேஷனாக இருக்கலாம் என்று 2003ல் நிக் பாஸ்ட்ரம் என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதற்கும் முன்பே, 1999ல் 'மேட்ரிக்ஸ்' படம் அதை உலகம் முழுக்கக் காட்டிவிட்டது. பார்ப்பதெல்லாம் மாயை என்பதோ நம் ஊரில் பாட்டிகள்கூடச் சொல்வது. இன்னொருவருக்குள் நுழைவதற்கு 'கூடு விட்டுக் கூடு பாய்தல்' என்று அழகான பெயரே வைத்திருக்கிறோம். திருமூலர் கதை முதல் விக்கிரமாதித்தன் கதை வரை அது உண்டு. ஆக, யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. வந்த யோசனையை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்தது, 'இவர்களை எல்லாம் குறை சொல்லலாமா' கட்சி. 'நவரசா'வில் கலைஞர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள், வருமானம் கொரோனாவால் வேலை இழந்த திரைத் தொழிலாளர்களுக்குப் போகிறது என்று அப்போது அறிவித்தார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய விஷயம். ஆனால் அது தயாரிப்பின் நல்ல மனசு, கதையின் நல்ல குணம் இல்லை. கோயில் திருப்பணிக்காகக் கச்சேரி நடத்தினாலும் சுருதி சேர வேண்டும் அல்லவா? ரசிகர் தலையாட்டினால்தானே அடுத்த கச்சேரிக்கும் கூட்டம் வரும்?

மூன்றாவது கட்சிதான் பெரிய கட்சி. 'முதல் முயற்சி' கட்சி. இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம்.

வெளிநாட்டுத் தொடர்களிலும் இப்படித் தனித்து நிற்கும் எபிசோடுகளால் சண்டை வருவது உண்டு. 2006ல் 'டாக்டர் ஹூ' தொடரில் 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்று ஒரு எபிசோட். கதாநாயகனான டாக்டர் அதில் கொஞ்ச நேரம்தான் வருவார். 2017ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' இரண்டாம் சீசனின் ஏழாவது எபிசோட், லெவன் என்ற அந்தப் பெண்ணை மட்டும் ஊரைவிட்டுக் கிளப்பிச் சிகாகோவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. இரண்டுக்கும் வெறித்தனமான எதிர்ப்பும் உண்டு, உயிரைக் கொடுக்கும் ஆதரவும் உண்டு. ஆனால் அங்கே ரசிகர்களிடம் ஒரு அளவுகோல் இருந்தது. முன்னாலும் பின்னாலும் வந்த எபிசோடுகள்தான் அது. வீட்டில் மற்ற பிள்ளைகள் இருப்பதால் இந்தப் பிள்ளை எப்படி என்று சொல்ல முடிந்தது.

'ப்ராஜெக்ட் அக்னி'க்கு அப்படி வீடு இல்லை. அதன் இருபக்கமும் இருப்பது வேறு ரசம், வேறு இயக்குநர். அதனால்தான் ஒரு கூட்டம் ஹாலிவுட்டில் அளவுகோலைக் கடன் வாங்கியது. இன்னொரு கூட்டம் அளவுகோலே வேண்டாம் என்றது. 'தமிழில் இது பச்சைக் குழந்தை, தட்டிக் கொடுங்கள்' என்றது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த வாதம் நன்றாகத் தெரிந்ததுதான். குழந்தைத் தொழில் பாதுகாப்பு வாதம் என்று பொருளாதாரப் பாடத்தில் வரும். புதிதாகப் பிறந்த தொழில், வளர்ந்த வெளிநாட்டுத் தொழிலோடு மோத முடியாது, அதனால் கொஞ்ச காலம் வரிச் சுவர் எழுப்பிக் காப்பாற்று என்பது. அலெக்ஸாண்டர் ஹாமில்டன், ஃப்ரெட்ரிக் லிஸ்ட் காலத்து வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. பாதுகாப்புக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். தேதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அம்பாசடர் காரே சாட்சி. 1950களின் கடைசியில் வந்த வண்டி, போட்டியே இல்லாத வசதியில் பல வருடம் பெரிய மாற்றம் இல்லாமல் ஓடியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 2014ல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனது.

தமிழ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் உண்மையிலேயே குழந்தையா? 1963லேயே எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள்! அங்கிருந்து கணக்குப் போட்டால் 2021ல் இந்தக் குழந்தைக்கு வயது 58. தமிழக அரசு ஊழியர்கள் ரிட்டயர் ஆகிக்கொண்டிருந்த வயது. :-) 1980களில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 2010ல் 'எந்திரன்'. 2015ல் 'இன்று நேற்று நாளை'. 2016ல் '24'. இத்தனைக்குப் பிறகும் 'முதல் முயற்சி' என்று சொல்வது முன்னால் உழைத்தவர்களை இல்லை என்று சொல்வதாகும்.

அப்படியானால் எந்த அளவுகோலால் அளப்பது? வெளியே தேட வேண்டியதில்லை. நம்மிடமே ஒன்று இருக்கிறது. 'அற்புதம்' என்ற ரசத்துக்குத் தொல்காப்பியத்தில் மருட்கை என்று பெயர். எட்டு மெய்ப்பாடுகளில் அது ஒன்று. வியப்பு எதிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கு காரணம் சொல்கிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாததைக் காண்பது, மிகப் பெரியதைக் காண்பது, மிகச் சிறியதைக் காண்பது, ஒன்று இன்னொன்றாக மாறுவதைக் காண்பது. சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற வார்த்தை பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே அதற்கு மார்க் போடும் முறை தயாராக இருந்திருக்கிறது!

இந்த நாலு கேள்வியை 'ப்ராஜெக்ட் அக்னி'யிடம் கேட்டுப் பாருங்கள்.

புதுமை உண்டா? உண்டு. இரண்டு பேரை உட்கார வைத்து இவ்வளவு கனமான விஷயத்தைப் பேச விட்ட தைரியம் தமிழுக்குப் புதுசுதான். இதற்கு மார்க் தராமல் இருக்க முடியாது. பெருமை? அதுவும் உண்டு. பிரபஞ்சத்தையே கையில் எடுக்கிறது படம்.

சிறுமையில்தான் இடிக்கிறது. கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்க்க ஒரு சின்ன விஷயம் இல்லை. எல்லாமே சொல்லப்படுகிறது. பேச்சு அதிகம் என்பது குற்றம் இல்லை. 2007ல் வந்த 'த மேன் ஃப்ரம் எர்த்' படம் முழுக்க ஒரு வீட்டில் சிலர் பேசுவதுதான். ஆனால் அங்கே கேட்பவர்கள் சும்மா கேட்பதில்லை. சந்தேகப்படுகிறார்கள், சிரிக்கிறார்கள், கோபப்படுகிறார்கள், மடக்கப் பார்க்கிறார்கள். அந்த மோதலில்தான் நமக்கும் புல்லரிக்கிறது. இங்கே கிருஷ்ணாவின் வேலை பெரும்பாலும் அடுத்த விளக்கத்துக்கு வழிவிடுவதாக இருக்கிறது. வியப்பு வர வேண்டிய இடத்தில் தகவல் வருகிறது. தகவலைக் கேட்டால் தலையாட்டலாம், வாய் பிளக்க முடியாது.

ஆங்கிலம் பற்றிய புகாரும் இங்கேதான் வந்து சேர்கிறது. படித்த விஞ்ஞானிகள் ஆங்கிலத்தில் பேசுவது நடைமுறைதானே என்பது ஆதரவாளர் வாதம். நியாயம்தான். ஆனால் சிக்கல் யதார்த்தத்தில் இல்லை. தனக்கே புரியாத ஒரு விஷயத்தைத் தாய்மொழியில் சொல்ல முயன்றால் ஒருவர் தடுமாறுவார், உவமை தேடுவார், கையை ஆட்டுவார். அந்தத் தடுமாற்றத்தில்தான் வியப்பு தெரியும். ரெடிமேட் ஆங்கிலக் கலைச்சொல் வந்துவிட்டால் தடுமாற வேண்டிய அவசியம் போய்விடுகிறது. வியப்பும் கூடவே போய்விடுகிறது.

சுஜாதாவின் ஜீனோவை நினைத்துப் பாருங்கள். ஒரு இயந்திர நாய்க்குட்டி. அது புத்தகம் படிக்கிறது, கிண்டல் அடிக்கிறது, நாளாக ஆக யோசிக்கவும் கற்றுக்கொள்கிறது. செயற்கை அறிவு பற்றிப் பத்துப் பக்க விளக்கம் செய்யாததை அந்தக் குட்டி நாய் செய்துவிட்டது. சிறுமையும் ஆக்கமும் ஒரே இடத்தில். 'இன்று நேற்று நாளை'யும் அப்படித்தான். கையில் டைம் மெஷின் கிடைத்தால் தமிழன் என்ன செய்வான்? டைனோசரைப் பார்க்கப் போக மாட்டான். ஜோசியம் என்ற பெயரில், காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்ப்பான். தியேட்டரில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் கால இயந்திரம் புரிந்துவிட்டது. யாரும் இயற்பியல் பாடம் எடுக்கவில்லை.

சிமுலேஷனையும் அப்படிக் காட்ட முடியும். பீர்க்கன்கரணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பர் வரை பேரூராட்சி. அதே மாதம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் தூங்கி எழுந்தவர்கள் மாநகரவாசிகள்! அதே வீடு, அதே தெரு, அதே ஏரி. எங்கோ ஒரு ஃபைலில் ஒரு வரி மாறியது, இங்கே எல்லார் விலாசமும் மாறிவிட்டது. இதிலிருந்து ஒரு கதை தொடங்கட்டும். அடுத்த நாள் அந்த ஃபைலில் ஏரி இருந்த வரியை யாரோ அழித்துவிடுகிறார்கள். காலையில் வாக்கிங் போன பெரியவருக்கு மட்டும் அங்கே ஏரி இருந்தது ஞாபகம் இருக்கிறது. வேறு யாருக்கும் இல்லை. சுமேரியர் தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை. முதுகுத்தண்டு சில்லென்று ஆகிறதா இல்லையா?

இது வெறும் ரசிகர் சண்டை, இதற்கு இவ்வளவு அலசலா என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்கு எத்தனையோ மாணவர்கள் கையில் இருக்கும் போனிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒரு அறிவியல் கதையோடு வந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் பதில் இரண்டே இரண்டு என்றால் என்ன ஆகும்? 'காப்பி' என்று சொன்னால் அடுத்த படம் எடுக்கவே பயப்படுவார்கள். 'தமிழில் இவ்வளவு செய்ததே பெரிசு' என்று சொன்னால் இதே தப்போடு அடுத்த படமும் எடுப்பார்கள். முதல் பதில் ஆளை ஒடிக்கும். இரண்டாவது பதில் ஆளை வளர விடாது. இரண்டிலுமே எந்தக் காட்சியில் வியப்பு வந்தது, எந்தக் காட்சியில் வராமல் போனது என்ற தகவல் இல்லை. எடுத்தவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கிரேஸ் மார்க் போட்டுப் பாஸ் செய்ய வைப்பது, அந்த மாணவனால் தானாகப் பாஸ் ஆக முடியாது என்று முடிவு கட்டுவதுதான். கார்த்திக் நரேனுக்கு அந்தத் தர்மம் தேவையில்லை. 'துருவங்கள் பதினாறு' யாருடைய கருணையிலும் ஓடவில்லை. அவர் படத்தைப் பிடித்தவர்கள் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை, நாலுக்கு இரண்டு என்று மார்க் போட்டு, மீதி இரண்டு எங்கே போனது என்று பேப்பரில் எழுதிக் கொடுப்பது. பிடிக்காதவர்களும் அந்த இரண்டு மார்க்கை மறைக்காமல் கொடுத்துவிட்டு அப்புறம் நோலனைக் கூப்பிடட்டும்.