நோயாளி இருக்கும் வீட்டுக்கு எந்த வெந்நீர்க் கருவி?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் மாத்திரைகளைப் பற்றியும் பத்தியத்தைப் பற்றியும் கேட்கின்றனர். அடுத்ததாகப் பெரும்பாலும் வரும் கேள்வி, "வெந்நீரில் குளிக்கலாமா?" என்பது. குளிக்கலாம் என்று விடை கூறுவது எளிது. ஆனால் அந்த வெந்நீர் எந்தக் கருவியில் காய்கிறது என்பதையும் மருத்துவர்கள் கேட்க வேண்டும். குடும்பத்தினர் சொல்லவும் வேண்டும். வெந்நீர்க் கருவியை விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து வாங்குவது நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து.

குளிர் நாடுகளில் பாய்லர் என்பது வீட்டையும் சூடாக்கி, குளிக்க நீரும் தரும் கருவி. வட்டக்கோட்டைக் கரையில் குளிர்காலத்திலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது; ஆகவே வீட்டைச் சூடாக்கும் தேவை நமக்கு இல்லை. ஆயினும் பாய்லர் என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதியதன்று. நடுவே கரியிட்டு எரிக்கும் செப்புப் பாய்லரும், கொதும்பும் சிரட்டையும் எரியும் வெந்நீர் அடுப்பும் முந்தைய தலைமுறையின் குளியலறைக்குத் துணையாக இருந்தன. அவை பெரும்பாலும் திறந்த முற்றத்திலோ புறக்கடையிலோ இருந்தன. புகை வெளியே போயிற்று. இன்று வெந்நீர்க் கருவி, சாளரம் சிறுத்த குளியலறைக்குள்ளேயே வந்துவிட்டது. அதனோடு சில ஆபத்துகளும் உள்ளே வந்துள்ளன.

அவற்றுள் முதன்மையானது கேஸ் கீசரால் வருவது. எரிவாயு எரியப் போதிய காற்று இல்லாவிடில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் நாற்றம் சேர்க்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் எனத் தொடங்கி, குளித்துக்கொண்டிருப்பவர் ஒலி எழுப்பும் முன்பே மயங்கி விழக்கூடும். குளியலறையில் வலிப்பு வந்ததாகக் கருதி நரம்பியல் மருத்துவரிடம் அழைத்து வரப்படுவோரில் சிலருக்கு உண்மைக் காரணம் கேஸ் கீசர் என்பதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கொரோனா காலத்திற்குப் பின் பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதை இந்நிலையில் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிணைந்ததாகவே அக்கருவி கணக்கிட்டு விடுவதால், உயிருக்கு ஆபத்தான நிலையிலும் 98 என்று காட்டக்கூடும். குளியலறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐ அழையுங்கள். கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். அந்த ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றும்.

கேஸ் கீசரை வைத்தே ஆக வேண்டுமெனில் அது குளியலறைக்கு வெளியே, திறந்த வெளிச்சுவரில் இருக்கட்டும். எரிந்த வாயு வெளியேறும் குழாய் முழுமையாக இருக்கட்டும். இங்கிலாந்தில் எரிவாயு பாய்லர் உள்ள வாடகை வீட்டு அறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2022 முதல் வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. நம் வீடுகளிலும் அக்கருவியை வாங்கி மாட்டலாம். ஆனால் இதய நோயாளி, நுரையீரல் நோயாளி, கருவுற்ற பெண், கைக்குழந்தை ஆகியோர் உள்ள வீட்டில் குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

அடுத்தது வாளியில் அமிழ்த்தும் ஹீட்டர் கம்பி. விலை மலிவு என்பதே அதன் ஒரே சிறப்பு. வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதை அறிந்து தானே நிற்கும் ஏற்பாடு சாதாரணக் கம்பிகளில் இல்லை. சுவிட்சை அணைக்காமல் நீரைத் தொட்டுப் பார்ப்பவருக்கு மின்னதிர்ச்சி, தரையில் இருக்கும் வாளியைக் கவிழ்க்கும் குழந்தைக்குத் தீப்புண் என இரண்டு வழிகளில் அது தீங்கு செய்கிறது. மறதி நோய் உள்ள முதியவரும் தவழும் குழந்தையும் இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை.

மின்சாரக் கீசர்களில் உடனடி வகை, சேமிப்பு வகை என இரண்டு உண்டு. 3 லிட்டர் கொள்ளளவும் 3 கிலோவாட் திறனும் கொண்ட உடனடிக் கீசர், நீரை 15 டிகிரி உயர்த்த வேண்டுமெனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் மட்டுமே தரும். கை கால் கழுவவும் பாத்திரம் துலக்கவும் அது போதும். படுக்கையில் இருப்பவரை உட்கார வைத்து நிதானமாகக் குளிப்பாட்ட 15 அல்லது 25 லிட்டர் சேமிப்புக் கீசரே ஏற்றது. மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 20 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 0.35 யூனிட் போதும். வீணாகும் வெப்பத்தைச் சேர்த்தாலும், தேவையான நேரத்தில் மட்டும் சுவிட்சைப் போட்டால் ஒரு குளியலுக்கு அரை யூனிட் அளவே ஆகும்.

சூரிய வெந்நீர்க் கருவி நம் மாவட்டத்துக்கு நன்கு பொருந்துவது. நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் தருவது போதும். மழைமேகம் மூடும் நாட்களுக்காக மின்சாரத் துணை வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அறிந்த நாம் அதனை மொட்டை மாடியில் உறுதியாகப் பிணைக்கவும் வேண்டும். ஆனால் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. கோடைப் பிற்பகலில் அதன் நீர் 60 டிகிரியைத் தாண்டி 70, 80 வரை செல்லும். மின்கீசரைப் போல அது தானே அணைந்து நிற்பதில்லை.

60 டிகிரி நீர் 5 வினாடிகளில் பெரியவரின் தோலை ஆழமாகச் சுடும். 55 டிகிரியில் அதற்கு அரை நிமிடம் ஆகும். 49 டிகிரியில் ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு இதைவிடக் குறைந்த நேரமே போதும். நீரிழிவால் பாத உணர்வை இழந்தவரும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் உணர்வு குன்றியவரும் சூட்டை அறியாமலே நிற்பர். காலை இழுத்துக்கொள்ள மாட்டார். பாத எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொப்புளமும் புண்ணுமாக வரும் நீரிழிவு நோயாளிகளின் துயரம் முற்றிலும் தவிர்க்கக்கூடியது.

வெப்பத்தை மிகவும் குறைத்து வைப்பதும் சரியன்று. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகி நிமோனியாவை உண்டாக்கலாம். ஆகவே பெரிய தொட்டியில் 60 டிகிரி, உடலில் படும்போது 40 டிகிரி அளவு, இடையே தண்ணீரைக் கலக்கும் ஏற்பாடு என்பதே நாங்கள் பரிந்துரைக்கும் விதி. வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கலவை வால்வு கடைகளில் கிடைக்கிறது. நாள்தோறும் நீர் மாறும் சிறு கீசராயின் 50 டிகிரியில் வைத்தாலே போதும். வாளியில் கலப்பவர்கள் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்ற வேண்டும். உணர்வு குன்றியவரின் குளியல் நீரை அவரல்லாத மற்றொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நம் கடலோரத்துக்கே உரிய சிக்கல் உப்பு. டி லனாய் வலுப்படுத்திய வட்டக்கோட்டை மதில் கருங்கல்லாலானது. உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிறது. கீசர் தொட்டிக்கு அந்த வலிமை இல்லை. உப்பேறிய கிணற்று நீர் தொட்டியை அரிக்கும். சூடேற்றும் கம்பியில் படிவு சேரும். கம்பியின் உறை வெடித்தால் மின்சாரம் நீரில் கசியும். ஆகவே உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். அரிப்பைத் தான் ஏற்றுத் தொட்டியைக் காக்கும் மெக்னீசியம் தண்டை ஆண்டுக்கொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாத இணைப்பில் கீசரை மாட்ட வேண்டாம்.

மின்சாரம் இல்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்பது நியாயமே. 2017 ஒக்கி புயலுக்குப் பின் நாட்கணக்கில் இருளில் இருந்த மாவட்டம் இது. அத்தகைய நாளில் சமையலறை அடுப்பில் நீரைச் சுடவைத்து, மூடிய பாத்திரத்தில் எடுத்துச் செல்லலாம். வெந்நீரில் நனைத்த துணியால் உடல் துடைப்பதும் நோயாளிக்குப் போதும். ஆண்டில் சில நாட்களின் தேவைக்காக ஆண்டு முழுவதும் குளியலறைக்குள் நெருப்பை வைத்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு கவனித்தும் வெந்நீர் பட்டுவிட்டால், பட்ட இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் குளிர்விப்பதே முதலுதவி. மை, பற்பசை, எண்ணெய் எதுவும் தடவாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கீசர்தான். ஆகவே அது அவ்வீட்டில் மிகவும் தளர்ந்தவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அவருக்குப் பாதுகாப்பானது மற்றவர்க்கும் பாதுகாப்பானதே. அடுத்த முறை வரும்போது உங்கள் மருந்துச் சீட்டோடு, வீட்டில் வெந்நீர் எதில் காய்கிறது என்ற செய்தியையும் கொண்டு வாருங்கள். அதைக் கேட்டறிவதை நாங்கள் எங்கள் பணியின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.