பிறந்த கொடியும் இருபது சதவீதமும்

"தம்பி, பிறந்த கொடிதான் கடைசி வரை."

இந்த வாசகத்தை நான் முதலில் கேட்டது ஒரு டீக்கடை பெஞ்சில். சொன்னவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஹாட்ரிக் ஆடுவதில் மட்டும் நாலு சீசன்தான் சீனியர். அதிலிருந்து ஏழெட்டு வருடமாக, நாங்கள் கூடும்போதெல்லாம் வடையோடு சேர்த்து இதையும் பரிமாறுகிறார். போன மாதம் டி-ஷர்ட்டிலேயே அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் ஒன்று, எக்ஸ்எல் சைஸில். வாங்கிக்கொண்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஹாட்ரிக் தெரியாதவர்களுக்கு: 1997இல் சுவீடனில் தொடங்கிய இணையக் கால்பந்து மேலாண்மை விளையாட்டு அது. பந்தை நாம் உதைப்பதில்லை. அணியை நடத்துகிறோம், ஆள் வாங்குகிறோம், விற்கிறோம், பயிற்சி கொடுக்கிறோம். ஒரு சீசன் என்றால் 16 வாரம். அந்த 112 நாளில் வீரனுக்கு ஒரு வயது கூடும். ஒவ்வொரு நாட்டுக்கும் தேசிய அணி உண்டு. அதன் பயிற்சியாளரை அந்த நாட்டு மேலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வீரனின் பெயருக்குப் பக்கத்தில் நகக்கண் அளவில் ஒரு கொடி இருக்கும். எந்த நாட்டு அணி அவனை இளைஞர் அணியிலிருந்து மேலே ஏற்றியதோ அந்த நாட்டுக் கொடி. அது மாறாது. மாற வழி வேண்டும் என்கிறேன் நான். கூடவே கூடாது என்கிறார் டி-ஷர்ட்காரர்.

அவருடைய முதல் ஆயுதம், "நிஜத்தில் எப்படியோ அப்படித்தான் விளையாட்டிலும்." இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த நிஜம் அண்ணே?

லூயிஸ் மோன்ட்டி 1930 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார். 1934 இறுதியில் இத்தாலிக்கு ஆடிக் கோப்பையைத் தூக்கினார். அடுத்தடுத்த இரண்டு இறுதியாட்டம், இரண்டு சட்டை. ஹங்கேரிக்கு 1954 இறுதியில் தலைமை தாங்கிய புஷ்காஷ் 1962இல் ஸ்பெயின் அணியில் நின்றார். பிரேசிலோடு 1958இல் கோப்பை வென்ற அல்டாஃபினி அதே 1962இல் இத்தாலிக்காரர்.

"அதெல்லாம் கறுப்பு வெள்ளைக் காலம்" என்பார். சரி, கலருக்கு வருவோம். முனீர் எல் ஹதாதி 2014இல் ஸ்பெயினுக்கு ஆடியது 13 நிமிடம். ஒரு டீ ஆறும் நேரம். அந்த 13 நிமிடத்துக்காக மொராக்கோவின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போயும் பலிக்கவில்லை. கடைசியில் 2020இல் ஃபிஃபாவே விதியைத் தளர்த்தியது. 21 வயதுக்குள் தேசிய அணிக்கு மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ இறங்கியிருக்கக் கூடாது, கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் மாறிக்கொள்ளலாம். மறு வருடமே முனீர் மொராக்கோ சட்டையில் இறங்கினார். ஃபிஃபாவே இறங்கி வந்துவிட்டது; டீக்கடை பெஞ்ச் வரவில்லை.

என் செல்ல உதாரணம் இவர்கள் யாரும் இல்லை. அமீர் இலாஹி. கிரிக்கெட்காரர், ஆனாலும் கேளுங்கள். 1947இல் ஆஸ்திரேலியா போன இந்திய அணியில் ஒரு டெஸ்ட் ஆடினார். ஐந்து வருடம் கழித்து பாகிஸ்தான் அணியோடு இந்தியாவுக்கே வந்தார், 44 வயதில். சென்னை டெஸ்டில் கடைசி ஆளாக மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஜுல்ஃபிகர் அகமதுவோடு பத்தாவது விக்கெட்டுக்கு 104 ரன் சேர்த்தார். அதில் அவருடைய பங்கு 47. வெயிலில் ஓடி ஓடிப் பந்து பொறுக்கியவர்கள் அவருடைய பழைய நாட்டுக்காரர்கள். அந்தப் பாகிஸ்தான் அணியின் கேப்டன் கர்தாரும் 1946இல் இந்தியாவுக்காக இங்கிலாந்தில் ஆடியவர்தான். பிரிவினையால் மாறியதும் பிழைப்புக்காக மாறுவதும் ஒன்றா என்று டி-ஷர்ட்காரர் கேட்பார். ஒன்றில்லைதான். ஆனால் டி-ஷர்ட்டில் "பிரிவினை நீங்கலாக" என்று எங்கும் போடவில்லையே.

அடுத்து, "இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது." இரட்டை யார் கேட்டது? ஒன்றை விட்டு இன்னொன்றை எடுப்பது சட்டத்தில் இருக்கிறது. ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். ரயன் வில்லியம்ஸ் 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியர் ஆனார். அவ்வளவு தூரம் ஏன்? டி-ஷர்ட்காரரின் மூத்த மகன் கனடாக் குடிமகன் ஆன அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தவர் அவர். நானும் இரண்டு சாப்பிட்டேன்.

பெரிய நாடுகள் சின்ன நாட்டு வீரர்களை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது இன்னொரு பயம். அதற்கு ஒரு வரம்பு வைத்தால் போயிற்று. "ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்" என்பதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

ஆனால் "உருவாக்கிய நாட்டுக்குத்தான் உரிமை" என்கிறாரே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. என்னிடம் லார்ஸ் என்று ஒரு சுவீடன் பையன் இருக்கிறான். வீட்டில் லட்சுமணன் என்றுதான் கூப்பிடுவோம். 17 வயதில் வாங்கினேன். அப்போது அவன் ஆட்டக் கட்டுப்பாட்டுத் திறன் "சாலிட்" என்ற படியில் இருந்தது. அவனுடைய சுவீடன் அணி அவனுக்காகச் செய்தது, மேலே ஏற்றும் பொத்தானை அழுத்தியது; பிறகு என்னிடம் விற்றது. வாரா வாரம் நடுக்களத்தில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தது யார்? வார நடுவில் நட்பு ஆட்டம் கிடைக்காவிட்டால் அவன் பயிற்சி வீணாகுமே என்று, காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அழைப்பு அனுப்பியது யார்? எட்டு சீசன், 128 வாரம். "சாலிட்" ஒவ்வொரு படியாக ஏறி "சூப்பர்நேச்சுரல்" ஆனது. அந்த வாரம் அவன் பக்கத்தைத் திறந்து என் மனைவியிடம் காட்டினேன். "கொடி மட்டும் ஏன் நீலமும் மஞ்சளுமாக இருக்கிறது?" என்றுதான் கேட்டாள்.

சுவீடனின் தேசிய அணிப் பயிற்சியாளர் அவனை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவர்களிடம் அவனைவிடப் பெரிய சூரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்திய அணிக்கு அப்படி ஒரு நடுக்களக்காரன் கிடைத்தால் கோயில் கட்டுவோம், ஆனால் கூப்பிட வழியில்லை.

இன்னொன்று, இதை டி-ஷர்ட்காரர் எப்போதும் காதில் வாங்குவதே இல்லை. வேற்று நாட்டு லீக்கில் ஆடும் வீரனுக்கு 20 சதவீதம் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்பது விளையாட்டின் விதி. வந்த புதிதில் நியாயம்தான்; ஊர் விட்டு ஊர் வந்தவன். பன்னிரண்டு சீசன் இங்கேயே கிடந்த பிறகும் அதே இருபது. "உள்ளூர் ஆளாகிவிட்டான், இனிக் குறையுங்கள்" என்றால், இல்லை, அவன் வெளிநாட்டுக்காரனாம். கொடியைத்தான் மாற்ற மாட்டார்கள், இந்தக் கணக்கையாவது மாற்றக் கூடாதா? பத்து சீசன் ஒரே நாட்டில் ஆடி, ஒரு தேசிய ஆட்டம்கூட ஆடாதவன் விண்ணப்பிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் எல்லோரும் விண்ணப்பிப்பார்கள்" என்றார். விண்ணப்பம் என்று வைப்பதே அதற்குத்தானே அண்ணே?

லட்சுமணனுக்கு இப்போது 29. முப்பதைத் தாண்டினால் திறன் உதிர ஆரம்பிக்கும். இந்த வாரக் கணக்கும் வந்துவிட்டது. அவன் சம்பளம், அதன் தலையில் இருபது சதவீதம்.