உரிமத்தோடு பயிற்சியும் கொடுங்கள்

பேரா மாநிலப் போலீஸ் தலைவர் அவர்களுக்கு,

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகிவிட்டன. காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் மரவள்ளியும் செம்பனைக் கன்றும் ஒரே இரவில் நாசம். அதனால் உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்போர் எங்களிடையே உண்டு. அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஆனால் துப்பாக்கி பற்றிய அச்சம் இங்கே பழையது. 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றும் ஆனது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி அந்த விதியின்கீழ்தான் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி என்றாலே நடுங்கும் அச்சம் தோட்ட மக்களிடம் அப்படித்தான் ஊறியது. அச்சம் பரவிய அளவுக்குச் சட்ட அறிவு பரவவில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். உரிமம் வைத்திருந்த அப்பா இறந்துபோகிறார். அலமாரியில், பழைய கைலியில் சுற்றிய துப்பாக்கி. பக்கத்தில் மைலோ டின்னுக்குள் சில தோட்டாக்கள். நிலத்தைப் போல அதுவும் தனக்கு வந்துவிட்டதாக மகன் நினைக்கிறான். உரிமமோ அப்பாவின் பெயருக்கு மட்டும் உரியது. உரிமமின்றி வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கடும் தண்டனை) சட்டம் பாய்ந்தால் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும். குற்றம் செய்யும் எண்ணமே இல்லாத பிள்ளைக்கு இந்தக் கதி வரலாமா?

களத்திலும் இதே அறியாமைதான். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளை நாளிதழ்களில் பலமுறை படித்துவிட்டோம். ஓலை அசைந்ததற்கெல்லாம் சுடக்கூடாது. விலங்கின் முழு உருவம் தெரிய வேண்டும், அதன் பின்னால் யாருமில்லை என்பதும் உறுதியாக வேண்டும். வாய்க்காலைத் தாண்டும் முன் துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். நண்பர் கேட்டார் என்று இரவல் கொடுக்கக் கூடாது. கவனக்குறைவால் உயிர் போனால் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின்கீழ் ஈராண்டு வரை சிறை உண்டு. போன உயிருக்கு அது ஈடாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள். உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் களப்பயிற்சிக்குச் சான்று கேளுங்கள். அப்பயிற்சியைத் தோட்டத்து முதியவர்களுக்கும் புரியும்படி தமிழிலும் நடத்துங்கள். கோயில் மண்டபங்களையும் தமிழ்ப்பள்ளி வளாகங்களையும் ஏற்பாடு செய்து தர ஊர்மக்கள் முன்வருவார்கள். உரிமம் பெற்றவர் இறந்தால், துப்பாக்கியை உடனே ஒப்படைக்க வேண்டும் என்பதைக் குடும்பத்துக்கு உரிமத்தாளோடு எழுத்தில் கொடுங்கள்.

ஈப்போ தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். இந்த ஆண்டே சுங்கை சிப்புட்டில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பேராவாசி ஒருவன்