இருபத்தாறு என்ன செய்தது?

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், அந்தப் பட்டியல் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவத் தொடங்கிவிடும். 2001 ஜனவரி 26, புஜ் பூகம்பம். 2003 டிசம்பர் 26, ஈரானின் பாம் நகரப் பூகம்பம். 2004 டிசம்பர் 26, சுனாமி. 2005 ஜூலை 26, மும்பை வெள்ளம். 2008 நவம்பர் 26, மும்பைத் தாக்குதல். கடைசியில் ஒரு விளக்கம்: இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனியின் எண். படித்தவர்கள்கூட ‘யோசிக்க வேண்டிய விஷயம்தான்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறார்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குச் சிசேரியன் செய்ய மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் 26. குடும்பமே கூடிப் பேசி அதை மூன்று நாள் முன்னால் இழுத்தது. வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சியைவிட ஓர் எண் பெரிதாகப் போய்விட்டது. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டியலில் இருப்பவை எல்லாம் நடந்தவைதான். விட்டுவிட்டதில்தான் பொய் இருக்கிறது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 இரவு. போபாலில் விஷவாயு கசிந்தது 1984 டிசம்பர் 2 இரவு. லாத்தூர் பூகம்பம் 1993 செப்டம்பர் 30. ஒடிசாவின் பெரும்புயல் 1999 அக்டோபர் 29. கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகியது 2004 ஜூலை 16. கூட்டிப் பாருங்கள், ஒன்றுகூட எட்டு வராது. ஆனால் நம் அரசியல் சாசனம் ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. அது நடைமுறைக்கு வந்தது ஜனவரி 26. கார்கில் வெற்றியைக் கொண்டாடும் நாள் ஜூலை 26. மாதம்கூட மாறாமல் அதே தேதிகள். பட்டியல் போட்டவர் கண்ணில் இவை ஏன் படவில்லை?

1883 ஆகஸ்ட் 26 அன்று கிரகடோவா எரிமலை பேரளவில் வெடிக்கத் தொடங்கியது. முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு, அதே மாதம், அதே நாளில்தான் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் கிராமத்தில் திரு.வி.க. பிறந்தார். சென்னை ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் கட்ட உழைத்தவர், தமிழ் மேடைப் பேச்சுக்கும் பத்திரிகை நடைக்கும் புது உயிர் கொடுத்தவர். அந்த நாளைச் சனி பிடித்த நாள் என்று எந்தத் தமிழன் சொல்வான்?

தேதி என்பதே மனிதன் போட்ட கோடு. சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தபோது நமக்கு டிசம்பர் 26 காலை சுமார் ஆறரை மணி. அதே நொடியில், பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கும் ஹவாயில் டிசம்பர் 25 பிற்பகல் மூன்று மணி. நிலநடுக்கம் எந்த ஊர்க் காலண்டரைப் பார்த்து வந்தது? நம் தமிழ் மாதக் கணக்கில் அந்த நாளும் புஜ், மும்பை நாட்களும் தை, ஆடி, கார்த்திகை, மார்கழி என்று சிதறிவிடும்; 26 என்ற எண் எதிலும் வராது.

இந்த நம்பிக்கையை அப்பாவித்தனம் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. பொறுப்பானவர்களை அது தப்பவிடுகிறது. புஜ்ஜிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில், கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டுத் தூண்கள்மேல் எழுப்பிய அடுக்குமாடிகள் சரிந்தன. மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மித்தி ஆறு ஏற்கெனவே ஆக்கிரமிப்பில் குறுகிப் போயிருந்தது. 2008-இல் கராச்சியிலிருந்து படகேறி வந்த பத்துப் பேருக்கு நாள் குறித்தவர்கள் மனிதர்கள்.

சுனாமியின் கதைதான் எல்லாவற்றிலும் கொடியது. பூமி அதிர்ந்து தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பசிபிக்கில் 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு ஒன்றும் இல்லை. வேளாங்கண்ணியிலும் அக்கரைப்பேட்டையிலும் கடற்கரையில் நின்றவர்களுக்கு யாரும் ‘ஓடு’ என்று சொல்லவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஹைதராபாத்தில் நம் சொந்த எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007-இல்.

அடுத்த டிசம்பரில் அந்தப் பட்டியல் உங்களுக்கும் வரும். யாருக்கும் அனுப்பாதீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் எச்சரிக்கைச் சங்கு வேலை செய்கிறதா, மேட்டுக்கு எந்த வழியாக ஓட வேண்டும் என்று ஊராட்சியில் போய்க் கேளுங்கள்.